ரிப்பனுக்குக் கீழே

கல்லில் வெட்டிய பெயரே நிலைக்கும். மற்ற எல்லாவற்றையும் உப்புக்காற்று அரித்துத் தின்றுவிடும். பல்லவ மன்னர்கள் இந்தக் கடற்கரைக்குச் சொல்லிவிட்டுப் போன பேருண்மை இதுதான். அவர்கள் குன்றைக் குடைந்தார்கள், பாறையை யானையாக்கினார்கள். அரண்மனை போயிற்று, படை போயிற்று, கல் நிற்கிறது. அந்த மாபெரும் மரபின் தொடர்ச்சியாக, சென்ற ஜூன் மாதம் பட்டரைக்குப்பத்துக்காக மாமல்லபுரத்தில் ஒரு கருங்கல் செதுக்கப்பட்டது.

அது பெண்பிள்ளைகளின் கக்கூசுக்கான கல்.

கோவளத்தைத் தாண்டித் தெற்கே போய், ஈ.சி.ஆரிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் பட்டரைக்குப்பம். முன்னால் பாய்மார் தெரு, பின்னால் மீனவர் குப்பம், இரண்டுக்கும் நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. அங்கே ஆண்பிள்ளைகளுக்குச் சவுக்குத் தோப்பு இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு ஓட்டை உடைசலாக ஒரு கழிப்பறை இருந்தது. கோடை விடுமுறையில் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக் கொடுத்தவர் கல்வி வள்ளல் டாக்டர் திருவேங்கடம். முதலில் அவர் மனை போட்டு விற்றார். பிறகு ரிசார்ட் கட்டினார். ரிசார்ட் கட்டிய பிறகு டாக்டர் ஆனார். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால், "வெளிநாடு" என்பார். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

கட்டடம் நன்றாகவே இருந்தது. ரோஸ் நிற டைல்ஸ், தலைக்குமேல் தண்ணீர்த் தொட்டி, வெளிச்சுவரில் சிரிக்கும் குழந்தைகளின் படம். படத்துக்குக் கீழே, "வாழும் உரிமை, வளரும் உரிமை, பாதுகாப்பு உரிமை, பங்கேற்பு உரிமை" என்று கொட்டை எழுத்தில். பெயின்ட் காய்ந்த அன்றே வள்ளல் கதவைப் பூட்டினார்.

"நான் வந்து தொறக்குற வரைக்கும் உள்ள ஒரு பொட்டு ஈரம் படக் கூடாது. போட்டோல டைல்ஸ் பளிச்சுன்னு வரணும்" என்று சொல்லி, சாவியைத் தலைவரின் கையில் வைத்தார்.

தலைவர் என்றால் ஊரில் கியாசுதீன். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு தாய்தான் தலைவராக இருக்க வேண்டும் என்பது விதி. விதிப்படி சைனம்பு தேர்ந்தெடுக்கப்பட்டாள். அவள் அன்று சமோசா பொரித்துக்கொண்டிருந்ததால் அவள் கணவர் கியாசுதீன் போய் மாலையை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து மாலை, மேடை, மைக் எல்லாம் அவருக்கு. கையெழுத்து மட்டும் இவளுக்கு. அதையும் தலைமையாசிரியர் ஜெகதீசன் வீட்டுக்கே கொண்டுவந்து, எண்ணெய் படாத விரலாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போவார்.

கியாசுதீனுக்கு 'ஷாலிமார் சாமியானா' என்று கடை. பந்தல், நாற்காலி, பிரியாணி அண்டா, சீரியல் லைட்டு. கல்யாண மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனம் ஒன்றும் உண்டு. குழுக் கூட்டம் என்றால் அதைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அதில்தான் உட்காருவார். கக்கூசுச் சாவியைத் தன் பச்சை பெல்ட்டில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். நடக்கும்போது அது அரசாங்கக் கஜானாவின் சாவிபோல ஒலித்தது.

பள்ளிக்குப் பக்கத்து வீடு அவருடையது என்பதுதான் கஷ்டம்.

காலையில் சைனம்பு சமோசாப் பட்டி போட உட்காருவாள். மைதா அப்பளத்தைக் கல்லில் வாட்டி, நீளமாக வெட்டி, ஈரத்துணிக்குள் போட்டு, ஒவ்வொன்றாக உருவி முக்கோணமாக மடித்து, வெங்காயத்தை அடைத்து, மைதாப் பசையால் ஒட்டுவாள். ஈ.சி.ஆரில் பாதி டீக்கடைக்கு அவள் சமோசாதான். கை தானாக ஓடும். வாயும் கண்ணும் சும்மா இருக்கும். அதனால் இன்டர்வெல் பெல் அடித்ததும் தன் வீட்டுக் கொல்லைப் பாத்ரூமுக்கு நிற்கும் பெண்பிள்ளைகளின் வரிசையை அவள் தினமும் பார்த்தாள்.

முதல் வாரமே பாத்ரூம் தாழ்ப்பாள் பிய்ந்துபோயிற்று. ஒரு குடும்பத்துக்கென்று அடித்த தாழ்ப்பாள் ஒரு பள்ளிக்கூடத்தைத் தாங்குமா? பிறகு ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று. டீச்சர்களும் வருவார்கள். டீச்சர் உள்ளே போனால் கதவைப் பிடிக்கிற பிள்ளைக்கு அன்று வீட்டுப்பாடம் கேட்கப்படாது.

"அத்தா, தாழ்ப்பா எப்போ போடுவ?" என்று எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் அர்வா தினமும் கேட்பாள்.

"ஆசாரியக் கூப்புடணும்மா. ஃபங்ஷன் முடியட்டும்."

"ஊருக்கே பந்தல் போடுற. ஒரு தாழ்ப்பா போட ஃபங்ஷன் வோணுமா?"

"இவளுக்கு வாயப் பாத்தியா சைனம்பு? எல்லாம் ஒன்ன மாரியே."

"எனுக்கு ஏதுங்க வாயி? எனுக்குக் கீறது கையெழுத்து மட்டும்தான" என்றாள் சைனம்பு, தலை நிமிராமல்.

ஆனால் ஒன்றை அவள் கவனித்திருந்தாள். அர்வாவின் தண்ணீர் பாட்டில் காலையில் போன மாதிரியே சாயங்காலம் திரும்பி வந்தது. கேட்டதற்கு, "தண்ணி குடிச்சாதானம்மா வரும். க்ளாஸ்ல பாதிப் பேரு குடிக்கறதே இல்ல" என்றாள். அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல். கேளம்பாக்கத்து டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, "தண்ணி நல்லா குடிக்கணும்" என்று எழுதியும் கொடுத்தார்.

திறப்பு விழா ஆனி மாதம் என்று முடிவாகிக் கல்லிலும் தேதி வெட்டியாகிவிட்டது. அப்போது பார்த்து வள்ளலின் சம்பந்தி வீட்டில் ஒரு சாவு. தள்ளிப்போயிற்று. அடுத்த தேதிக்குக் கல்லைத் திருத்தினார்கள். போட்டோக்காரருக்கு அன்றைக்கு வேறு கல்யாணம். அதுவும் தள்ளிப்போய்க் கல்லை மறுபடி திருத்திய பிறகுதான், புதுத் தேதி ஆடியில் விழுவது தெரிந்தது.

"கக்கூசுக்கு இன்னாங்க ஆடி, ஆவணி?" என்றாள் சைனம்பு.

"வள்ளலோட ஜோசியர் சொல்ட்டாராம். ஆடியில புச்சா எதையும் ஆரம்பிக்கக் கூடாதாம்."

"ஆரம்பிக்கப் போறது அவரு இல்லியே. இந்தப் புள்ளைங்க ஆரம்பிச்சி எத்தினியோ வருசமாவுது. கொல்லையில வந்து க்யூவப் பாருங்க."

கியாசுதீன் கொல்லைப் பக்கம் போகவில்லை. மாமல்லபுரத்துக்குப் போனார். கல்லைத் திருத்தத்தான்.

சிற்பக்கூடத்தில் பார்த்திபன் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு ஒரு பிள்ளையாரின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கியாசுதீனைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார்.

"இன்னா பாய், மறுபடியும் தேதியா?"

"ஆவணிக்கு மாத்தணும் மச்சான்."

"கல்லுக்கு அழிரப்பர் கெடையாது பாய். தேதிய எடுக்கணும்னா மொத்த மொகத்தையும் ஒரு சுத்து எறக்கணும். ரெண்டு தபா எறக்கியாச்சு. இன்னும் ரெண்டு தபா எறக்கினா அது கல்லு இல்ல, அப்பளம்."

"எறக்குறதுதான் எறக்குற, என் பேர இன்னும் கொஞ்சம் பெருசா போட்டுரு."

பார்த்திபன் கல்லைப் பார்த்தார். வள்ளலின் பெயருக்குக் கீழே, "முன்னிலை: கியாசுதீன், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரின் கணவர்" என்று இருந்தது.

"பாய், நானும் சின்ன வயசுலருந்து கல்லு வெட்டிகினு கீறேன். இன்னார் மனைவின்னு வெட்டிக்கீறேன், இன்னார் மகன்னு வெட்டிக்கீறேன். கணவர்னு இதான் மொத தபா."

"அப்போ சரித்திரம்தான?" என்றார் கியாசுதீன். அவர் மகிழ்ச்சியாகவே திரும்பி வந்தார்.

ஆடிக்காற்று மணலை வாரித் தெருவில் இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலை, குப்பத்து மீன்காரி வேண்டா கூடையோடு வந்து சைனம்புவின் வாசலில் உட்கார்ந்தாள். அவள் மகள் காயத்ரியும் அர்வாவும் ஒரே பெஞ்சு. ஒருத்தி உள்ளே போனால் கதவைப் பிடிப்பது எப்போதும் மற்றவள்தான்.

"சங்கரா கீது, எடுத்துக்கக்கா. காயத்ரிய நிறுத்திட்டேன்."

சைனம்புவின் கையில் பட்டி பாதி மடிப்பில் நின்றது. "இன்னாடி சொல்ற?"

"பெரிய மனுஷி ஆயிட்டாளே. மாசத்துல அந்த நாளு வந்தா எங்கக்கா போவா? ஒன் வூட்டுக்கு ஓடியாந்து, தாழ்ப்பா இல்லாத கதவுக்குள்ள ஒக்காந்து, வெளில ஒருத்தி இஸ்த்துப் புடிச்சிகினு. ஆவணி மொத தேதிலருந்து எறா ஷெட்டுக்கு வரச் சொல்லிக்கீறாங்க. ஓடு உரிக்கிற வேல. வயசக் கேட்டா மட்டும் சொல்லாதன்னாங்க."

"நல்லா படிக்கிற பொண்ணுடி."

"படிக்கிறா. எங்கப்பன் நாலாவதும் பொட்டையான்னு எனுக்கு வேண்டான்னு பேர வெச்சான். ஸ்கூல்ல ஆஜர் எடுக்கும்போது அந்தப் பேரக் கூப்ட்டா க்ளாஸே சிரிக்கும். அதுலயே நின்னுட்டேன். எம் பொண்ணுக்கு அப்டி ஆவக் கூடாதுன்னுதான் காயத்ரின்னு டீசண்டா வெச்சேன். பேரு மட்டும் வெச்சா போதும்னு நெனச்சிகினு கீறேன். கக்கூசும் வோணும்னு யாரு கண்டாங்க?"

சொல்லிவிட்டு வேண்டாவே சிரித்தாள். சைனம்புவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சைனம்பு பாதியில் நின்ற மடிப்பை முடித்துப் பசை தடவினாள்.

மறுநாள் அர்வா யூனிபார்ம் போட்டாள், ரிப்பன் வைத்துப் பின்னிக்கொண்டாள், பையை மாட்டிக்கொண்டாள், வந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள்.

"பெல்லு அடிச்சிட்டாங்க" என்றார் கியாசுதீன்.

"கேட்டுச்சு. அந்தக் கதவத் தொறக்குற வரைக்கும் நானும் போவ மாட்டேன்."

"இன்னாது?"

"காயத்ரி எறா உரிக்கட்டும். நான் வெங்காயம் உரிக்கிறேன். உரிமைன்னு பாடம் நடத்துனாங்க அத்தா. எல்லா உரிமையும் செவுத்துக்கு இந்தப் பக்கம் எழுதிக்கீது. கக்கூசு அந்தப் பக்கம் கீது."

"தலைவர் பொண்ணே ஸ்கூலுக்குப் போவலன்னா ஊரு இன்னா சொல்லும்?"

"தலைவரு அம்மாதான? அம்மா, ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரு எங்கிட்ட எப்போடி பேசிச்சி?" என்றாள் சைனம்பு. "வெங்காயத்தப் பொடிசா வெட்டு."

கியாசுதீன் கெஞ்சினார், மிரட்டினார், மாமல்லபுரத்தில் ஐஸ்கிரீம் என்றார். அர்வா வெங்காயத்துக்கு அழுதாளே தவிர வேறு எதற்கும் அசையவில்லை. அடுத்த நாளும் யூனிபார்மோடு வந்து உட்கார்ந்தாள். இன்டர்வெல்லுக்கு வந்த பிள்ளைகள், "அர்வா, நீ எந்த க்ளாஸ்?" என்று கேட்டதற்கு, "சமோசா க்ளாஸ்" என்றாள். அதைக் கேட்டு அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு பிள்ளைகள் வெங்காயம் உரிக்க வந்தார்கள். சைனம்பு அவர்களைத் திருப்பி அனுப்பினாள். சமோசாவுக்கு அவ்வளவு வெங்காயம் தேவையில்லை.

ஆடி கடைசி வாரம். திறப்பு விழாவுக்குப் பந்தல் போடத் தீர்மானம் எழுதிக்கொண்டு தலைமையாசிரியர் கையெழுத்துக்கு வந்தார்.

"ஒரு சைன் மட்டும் மேடம்."

சைனம்பு கையைத் துடைத்தாள். பேனாவை வாங்கவில்லை. "கூட்டம் எப்போ சார்?"

"கூட்டம் நடந்த மாதிரிதான் மேடம். சாயந்தரம் சும்மா ஒக்காருவோம். பாய் வந்துருவாரு."

"நானும் வர்றேன் சார். அங்கியே போடறேன்."

தலைமையாசிரியர் தீர்மானத்தை மடித்துப் பையில் வைத்தார். ஒரு சமோசாவைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் பள்ளித் தாழ்வாரத்தில் ஷாலிமார் நாற்காலிகள் போட்டிருந்தன. நடுவில் சிம்மாசனம். அதில் கியாசுதீன், சாவியோடு. அம்மாக்கள் எல்லாம் சுவர் ஓரமாக நின்றார்கள். உட்காரச் சொன்னால் உட்காருகிற வழக்கம் அங்கே இல்லை. வள்ளலை வரவேற்கச் செண்டை மேளமா, பேண்டு வாத்தியமா என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது சைனம்பு புர்காவைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னாலேயே வேண்டாவும் அர்வாவும் வந்தார்கள்.

"இன்னா சைனம்பு, வூட்ல கேஸ் தீந்து போச்சா?" என்றார் கியாசுதீன்.

"எந்திரிங்க."

"எங்க போவணும்?"

"எங்கயும் போவாதீங்க. பக்கத்துச் சேர்ல ஒக்காருங்க. இது தலைவரு சேரு."

பழக்கதோஷத்தில் தலைமையாசிரியர்தான் முதலில் எழுந்தார். கியாசுதீன் எழுந்தார். சைனம்பு போய் உட்கார்ந்தாள். மாப்பிள்ளைகளின் அளவுக்குச் செய்த சிம்மாசனம். அவள் கால் தரைக்கு எட்டவில்லை. அதை அவள் பொருட்படுத்தவில்லை.

"சார், ரூலு இன்னா சொல்லுது? தலைவரு யாரு?"

"பெற்றோர்ல ஒரு தாய்தான் மேடம்."

"தாயோட வூட்டுக்காரரு?"

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரூல்ல அப்டி ஒரு போஸ்ட் இல்ல மேடம்."

"கல்லுல கீதே!" என்றார் கியாசுதீன்.

வேண்டாதான் முதலில் சிரித்தாள். பிறகு சுவர் ஓரத்து அம்மாக்கள். பிறகு தலைமையாசிரியர், வாயைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு. கியாசுதீனுக்கே சிரிப்பு வரப்பார்த்தது. அவர் பந்தல் கம்பத்தைப் பார்ப்பது போல மேலே பார்த்தார். அங்கே பந்தல் இல்லை.

"ஆவணி மொத தேதி காயத்ரி ஷெட்டுக்குப் போயிட்டான்னா அப்பறம் வர மாட்டா" என்றாள் சைனம்பு. குரல் உயரவில்லை. "ஒங்க பொண்ணு வெங்காயம் வெட்டிகினு கீறா. நல்லாதான் வெட்றா. அதான் எனுக்கு பயமா கீது. சாவியக் குடுங்க."

"வள்ளலுக்கு வாக்கு குடுத்துட்டேன் சைனம்பு. நாளைக்கி அவரு கேட்டா இன்னான்னு சொல்லுவேன்?"

"தலைவரு வாங்கிகினாங்கன்னு சொல்லுங்க."

கியாசுதீன் மகளைப் பார்த்தார். அர்வா தன் விரல்களை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் வெங்காயம், சோப்புக்கும் போகவில்லை. அவர் பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றினார். பிறகு, தொழில்காரர் அல்லவா, அந்த நிமிஷத்திலேயே ஒரு வழியும் கண்டுபிடித்தார்.

"கதவத் தொறந்துக்கங்க. ஆனா நான் குறுக்கால ஒரு ரிப்பன் கட்டிர்றேன். அத யாரும் அறுக்கக் கூடாது. ரிப்பன் அறுக்காத வரைக்கும் தெறப்பு விழா நடக்கலன்னுதான அர்த்தம்? வள்ளல் வந்து வெட்டிக்கட்டும்."

"உள்ள எப்டி போவாங்க பாய்?" என்றார் தலைமையாசிரியர்.

"குனிஞ்சி."

"அப்டி ஒரு உரிமை ஒங்க பாடத்துல கீதா அர்வா?" என்று சைனம்பு கேட்டாள்.

"தெரிலம்மா. குனிஞ்சி பாத்துட்டு சொல்றேன்."

பட்டரைக்குப்பத்தில் ஆடி மாதத்தில், கத்தரிக்காத சிவப்பு ரிப்பனுக்குக் கீழே, கக்கூசு இயங்கத் தொடங்கியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் குனியவே வேண்டியதில்லை. பெரிய பிள்ளைகள் ஒரு கையால் தாவணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு வில்லாக வளைந்து போகக் கற்றுக்கொண்டார்கள். டீச்சர்களில் இருவருக்கு முதுகுவலி. அவர்களுக்காகப் பிள்ளைகள் ரிப்பனைத் தூக்கிப் பிடிப்பார்கள். சாயங்காலம் திரும்பி வந்த தண்ணீர் பாட்டில்கள் காலியாக இருந்தன.

காயத்ரி ஆவணி முதல் தேதி வந்தாள், ஷெட்டுக்கு அல்ல. அர்வா வழக்கம்போலக் கதவைப் பிடித்துக்கொள்ள ஓடினாள். "லூசு, உள்ள தாழ்ப்பா கீதுடி" என்றாள் காயத்ரி. அர்வாவுக்குக் கையை என்ன செய்வதென்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

சைனம்பு வீட்டுக் கொல்லை காலியானது. தாழ்ப்பாளைப் பற்றி இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்பதில் கியாசுதீனுக்கு ஒரு நிம்மதி. கல்லைத்தான் மறுபடியும் திருத்தவேண்டி வந்தது. "தலைவர்: சைனம்பு" என்று வெட்டிய பிறகு, கணவர் என்ற வரிக்குக் கல்லில் கனம் பற்றவில்லை என்று பார்த்திபன் சொல்லிவிட்டார். அது உண்மையா என்று கியாசுதீன் கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அப்பளம்போலத்தான் கேட்டது.

வள்ளல் ஆவணி முகூர்த்தத்தில் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் போட்டோக்காரர். கடைசியில் செண்டை மேளம்தான். ஷாலிமார் பந்தலில் புழுக்கம் தாங்காமல் வள்ளல் ஓர் இளநீர் குடித்தார். பேசுவதற்கு முன்னால் இன்னொன்று. பேச்சு நீளமாக இருந்ததால் நடுவில் ஒரு மோர்.

"இந்த நிமிஷம் வரைக்கும் இந்த ஊர்ப் பெண் குழந்தைகளுக்கு இருண்ட காலம்!" என்று அவர் கத்தரிக்கோலை உயர்த்தினார். "இதோ, இந்த நிமிஷம் முதல் அவர்களின் உரிமை மலர்கிறது!"

ரிப்பனை வெட்டினார். கதவு உள்பக்கத்திலிருந்து திறந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. கூட்டத்தையும் கேமராவையும் பார்த்தது. வள்ளலின் கத்தரிக்கோலுக்குக் கீழே, இல்லாத ரிப்பனுக்காகக் குனிந்து நிமிர்ந்து, வகுப்புக்கு ஓடிப்போயிற்று. போட்டோ நன்றாக விழுந்திருந்தது. டைல்ஸ் ஈரமாக இருந்ததால் இன்னும் பளிச்சென்று வந்தது.

வள்ளலுக்கு அதைப் பற்றிக் கேட்க நேரமில்லை. அவர் கியாசுதீனின் காதருகே குனிந்தார்.

"பாய், அவசரம். உள்ள போயிட்டு வந்துர்றேன்."

இரண்டடி வைப்பதற்குள் வாசலில் வேண்டா நின்றாள். "அண்ணாத்த, எங்க? இது பொண்ணுங்களுக்கு."

"நான் கட்டுனதும்மா இது!"

"நீதான் கட்ன. நீதான் கல்லுலயும் வெட்டிவெச்சிக்கீற, பாரு." கல்லில் மூன்றாவது வரி, 'மாணவியர் மட்டும்' என்று இருந்தது. நாலு தரம் இறக்கியும் அந்த வரி அழியாமல் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டிருந்தது.

வள்ளல் சவுக்குத் தோப்பைப் பார்த்தார். போட்டோக்காரர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். வள்ளல் கியாசுதீனைப் பார்த்தார். கியாசுதீன் சைனம்புவைப் பார்த்தார்.

"நம்ம வூடு பக்கத்துலதான் சார். கூப்ட்டுப் போங்க" என்றாள் தலைவர்.

வீட்டுக் கொல்லையில் அந்தக் கதவில் தாழ்ப்பாள் இன்னும் போட்டிருக்கவில்லை. வள்ளல் உள்ளே இருந்தவரைக்கும் கியாசுதீன் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.